மாப்பிள்ளை கேட்ட தோட்டா

உபகாரம் என்பவருக்கு வெளியில் எதிரி கிடையாது. அவருடைய வாய்தான் அவருக்கு எதிரி. மலைக்கிராமமான வடகவுஞ்சியில் பீன்ஸும் மலைவாழையும் போட்டுப் பிழைக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் காபி டம்ளரைக் கையில் வாங்கிவிட்டால் அவருக்குள்ளிருந்து வேறொரு உபகாரம் எழுந்து வருவார். அந்த உபகாரம் பெரிய வேட்டைக்காரர்.

மகள் ஆக்ஸிலியாவின் நிச்சயதார்த்தத்தன்று ஒட்டன்சத்திரத்தில் அதுதான் நடந்தது. மாப்பிள்ளை செல்வினின் குடும்பத்துக்கு அங்கே மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை. உபகாரத்தின் பீன்ஸ் மூட்டைகள் பல வருஷமாக அந்தக் கடையில்தான் இறங்குகின்றன. சம்பந்தமும் அந்த வழியாகவே வந்தது. விருந்து முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "மலையில மிருகத் தொந்தரவெல்லாம் எப்படிங்க?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். உபகாரம் பிடித்துக்கொண்டார். தன்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பது, அதன் சத்தம் கேட்டால் கடமான் கூட்டம் பெருமாள்மலை தாண்டித்தான் நிற்கும் என்பது, தான் ஒரே குண்டில் சாய்த்த கொம்பன் கடமான்களின் வரலாறு எல்லாம் வந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை வரட்டும். ஒரு கொம்பன அடிக்க வச்சுத்தான் திருப்பி அனுப்புவேன்," என்றார்.

அந்தத் துப்பாக்கியால் உபகாரம் ஒரு முயலைக்கூடக் கொன்றதில்லை என்பதுதான் உண்மை. பயிர்க் காவலுக்கென்று கொடுத்த லைசென்ஸ் அது. கடமானோ பன்றியோ தோட்டத்தில் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், மிருகம் ஓடிவிடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வந்து எண்ணெய் போட்டு வைப்பார். கடமானைச் சுட்டால் ஜெயில் என்பது வடகவுஞ்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். உபகாரத்துக்கும் தெரியும். அவருடைய வாய்க்குத்தான் தெரியாது.

கல்யாணம் அக்டோபரில் முடிந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கிவிட்டார்கள். செல்வின் குரல் உயர்த்திப் பேசாத பிள்ளை. அவனுடைய அண்ணன்மார் கடையின் முன்பக்கம் நின்று ஏலம் கூவுவார்கள். இவன் பின்பக்கம் தராசோடு இருப்பான். கடைக்குட்டி என்பதால் இருபத்தாறு வயதிலும் எதற்கும் அவனைக் கேட்டு யாரும் முடிவு செய்ததில்லை. அவனுக்கென்று இருந்தது ஒரு போன். அதில் அவன் பார்ப்பது சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. அமெரிக்கப் பனிமலைகளில் எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடுகிறவர்களின் வீடியோ.

வந்த மறுநாள் காலையிலேயே போனைத் தூக்கிக்கொண்டு மாமனாரிடம் வந்துவிட்டான்.

"மாமா, இத ஒரு நிமிஷம் பாருங்க. இவருக்குப் பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பிள்ளைக்கு முதல் எல்க் வேட்டை. எந்த காலிபர் ரைபிள் குடுக்கலாம்னு அதுக்கே ஒரு முழு வீடியோ பேசுறாரு."

"காலிபர்னா?"

"குண்டோட சைஸ் மாமா. ரொம்பப் பெருசாக் குடுத்தா தோள்ல உதைக்கும், பிள்ளை பயந்து கண்ண மூடிக்கிட்டுச் சுடும். அதுக்காகச் சிறுசாக் குடுத்தா மிருகம் சாகாது. காயத்தோட ஓடிப் போயி எங்கயாவது கெடந்து நாள் கணக்கா இழுத்துக்கிட்டுக் கெடக்கும். சுடுறவங்க மேல பிரியம் இருக்குன்னு மிருகத்தச் சித்திரவதை பண்ணக் கூடாதுங்கிறாரு. டூ செவண்டிங்கிற சைஸுக்குக் கீழ ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு."

உபகாரம் தலையாட்டினார். பாதி புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"நமக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது மாப்பிள்ளை. துப்பாக்கி ஒண்ணுதான். தோட்டாதான் மாறும். குருவிக்கு ஒண்ணு, பன்னிக்கு ஒண்ணு, கடமானுக்கு ஒண்ணு."

"அப்ப கடமானுக்குள்ளத காட்டுங்க மாமா," என்றான் செல்வின். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இன்னைக்குச் சாயங்காலம் போவோமா? நீங்க அன்னைக்குச் சொன்னதுலருந்து நான் இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அடுப்படியில் இருந்த மனைவி சூசையம்மாள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். செல்வின் குளிக்கப் போனதும் வெளியே வந்தாள்.

"ஏங்க, வேணாம்னு சொல்லிருங்க. ஊரே காறித் துப்புற சோலி இது. மரையச் சுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் உள்ள போயிட்டீங்கன்னா, நானும் எம்மகளும் யாரு வாசல்ல நிக்கிறது?"

சூசையம்மாளின் அப்பா இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அவளுக்கு அது மரை. உபகாரத்துக்குக் கடமான். மாப்பிள்ளையின் மனசில் அது எல்க். ஒரே மிருகத்துக்கு அந்த வீட்டில் மூன்று பெயர்.

"மொதமொதல்ல வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. வாயத் திறந்து ஒண்ணு கேக்குறாரு. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க வாயத் திறந்ததுனாலதான் அவரு கேக்குறாரு."

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் பெண்வீட்டார் மறுக்கக் கூடாது. உபகாரம் மாப்பிள்ளையாக வந்த வருஷம் டேப் ரெக்கார்டர் கேட்டார். சூசையம்மாளின் அப்பா ஆட்டை விற்று, மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து கொடுத்தார். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெண் எடுத்துவிட்டு, தன் மாப்பிள்ளையிடம் "அன்னைக்குச் சொன்னதெல்லாம் சும்மா பீத்தினது மாப்பிள்ளை, நான் எதையும் சுட்டதில்லை" என்று எந்த வாயால் சொல்வது? சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் போய்விடும் என்று நினைத்தார்.

மத்தியானம் பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கி மாப்பிள்ளை முன்னால் வைத்தார். உள்ளே தோட்டாக்கள். ஒவ்வொன்றின் மேலும் என்ன வகை என்று அச்சடித்திருக்கும். நாலாம் நம்பர் என்றால் உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகப் பொடிச் சன்னம், ஈய உருண்டை, நிறைய இருக்கும். காடைக்கும் புறாவுக்கும் ஆனது. உபகாரம் வானத்தைப் பார்த்து வெடிப்பதெல்லாம் அதுதான். ஒத்தைக் குண்டு என்றால் கட்டை விரல் தடிமனில் உள்ளே ஒரே ஈயக் குண்டு. அது எதற்கோ வாங்கி, எதற்கும் ஆகாமல் டின்னின் அடியில் கிடந்தது.

செல்வின் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒத்தைக் குண்டுத் தோட்டா ஒன்றை மாமனார் கையில் வைத்தான்.

"இதுதான மாமா? இதுல அடிச்சா நின்ன எடத்துல விழுந்துரும்ல? கஷ்டப்படாதுல்ல?"

"விழுந்துரும்."

"ஒண்ணு போதும் மாமா. நல்லாக் குறி கெடச்சாச் சுடுறேன். இல்லேன்னா பேசாம வந்துருவோம்."

இவ்வளவு யோசித்துப் பேசுகிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். உபகாரத்துக்கு வேறொரு யோசனை உதித்தது. அதை நினைத்து அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதுதான் கொடுமை. ஒத்தைக் குண்டுக்குப் பதில் நாலாம் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டால்? எட்டத்திலிருந்து அந்தப் பொடிச் சன்னம் கடமானின் தோலைச் சொறிந்துதான் விடும். சத்தம் கேட்கும், மிருகம் ஓடும், மாப்பிள்ளைக்குச் சுட்ட திருப்தி, வீட்டில் கறி இல்லை, கேஸ் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் மஞ்சுப் பனி இறங்குவதற்கு முன்னாலேயே போய் மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். எதிரே பீன்ஸ் தோட்டம் அடுக்கடுக்காக இறங்கிப் போகிறது. அதன் கடைசியில் கல்கட்டு, அதற்கும் கீழே காப்பிக் காடு. கடமான் வருவது கடைசி அடுக்கில்தான். அது எட்டம் என்பதால்தான் உபகாரம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"குடுங்க மாமா, நான் போடுறேன்," என்று செல்வின் துப்பாக்கிக்குக் கை நீட்டினான்.

"நீங்க மாப்பிள்ளை. நான் இருக்கும்போது நீங்க போடுறதா? போட்டுத் தர்றேன்."

திரும்பி நின்று குழலைத் துணியால் துடைக்கிற மாதிரி துடைத்தார். ஒத்தைக் குண்டு இடது பைக்குள் போனது. வலது பையிலிருந்து நாலாம் நம்பர் வந்து துப்பாக்கிக்குள் உட்கார்ந்தது.

"போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு மாப்பிள்ளை."

காத்திருந்தார்கள். மஞ்சு வழக்கத்தை விட வெரசாக ஏறி வந்து கீழ் அடுக்குகளை மூடியது. உபகாரம் சந்தோஷப்பட்டார், இனி ஒன்றும் தெரியாது, எழுந்து போய்விடலாம். அப்போது மிகப் பக்கத்தில் பீன்ஸ் கொடி பிடுங்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம். மஞ்சுக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. இளம் கொம்பன். கல்கட்டுப் பக்கம் நிற்க வேண்டியது, இவர்கள் உட்கார்ந்திருந்த அடுக்கிலேயே நின்று, நனைந்த மூக்கோடு இவர்கள் பக்கம் பார்த்தது.

இவ்வளவு பக்கத்தில் நாலாம் நம்பர் என்ன செய்யும் என்பது உபகாரத்துக்குத் தெரியும். கொல்லாது. ஆனால் ஒன்றும் செய்யாமலும் இருக்காது. ஒரு இருமல் போதும், மிருகம் பறந்திருக்கும். அவர் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் செல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தான். இருமினால் மாப்பிள்ளை என்ன நினைப்பான், வேண்டுமென்றே கலைத்துவிட்டார் என்று நினைப்பானே என்று உபகாரம் வாயை மூடிக்கொண்டார். தேவையில்லாத இடத்திலெல்லாம் திறந்த வாய், திறக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் மூடிக்கொண்டது.

வெடித்தது.

கொம்பன் முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. தேனீ மொய்த்த மாதிரி தலையைப் போட்டு உதறியது. திரும்பி ஓடி, மோட்டார் ரூம் சுவரிலேயே போய் முட்டி, விழுந்து, எழுந்து, மறுபடி முட்டி, பிறகு அடுக்கிலிருந்து அடுக்காக உருண்டு கீழே போனது. காப்பிச் செடிகள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சுவத்துல ஏன் மாமா முட்டுச்சு?" என்றான் செல்வின்.

"பயந்துருச்சு."

"அவ்வளவு பெரிய சுவரு. அது கண்ணுக்குத் தெரியாதா?"

உபகாரம் துப்பாக்கியை வாங்கி, காலித் தோட்டாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நெஞ்சப் பாத்துத்தான் மாமா வச்சேன். கடைசி நேரத்துல அது தலையத் தாழ்த்துச்சா, என் கை ஆடிருச்சான்னு தெரியல. இன்னொரு தோட்டா குடுங்க, போயித் தேடுவோம். காயத்தோட விடக் கூடாது மாமா. அது தப்பு."

"மஞ்சுக்குள்ள காட்டுமாடு நிக்கும் மாப்பிள்ளை. இப்பப் போகக் கூடாது."

காட்டுமாடு நிற்கும் என்பது நிஜம்தான். வழக்கமான ஒரு வெடிக்கு மேல் இன்னொரு வெடிச்சத்தம் கேட்டால் கீழ்ச்சரிவில் குடியிருக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர் சேனாதிபதி எழுந்து வந்துவிடுவான் என்பதும் நிஜம். ஒத்தைக் குண்டு இடது பையில் கனத்துக்கொண்டு கிடந்தது என்பதும் நிஜம். உபகாரம் முதல் நிஜத்தை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் செல்வின் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஆக்ஸிலியா அவனைப் பிடித்துக்கொண்டாள். அட்டுவம்பட்டியில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நாலு வார்த்தை நறுக்கென்று பேசுவாள். "ஷூட் பண்ணத் தெரியாட்டி எதுக்குத் துப்பாக்கிய தொடணும்? வீடியோ பாத்தா வேட்டைக்காரன் ஆயிருவீங்களா? பாவம், அது எங்க கெடந்து துடிக்குதோ!" செல்வின் கையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். உபகாரம் அவன் தோளைத் தட்டினார்.

"விடுங்க மாப்பிள்ளை. மொத தடவை எல்லாருக்கும் கை ஆடத்தான் செய்யும்."

அன்று அவர் செய்ததிலேயே மட்டமான காரியம் இதுதான். தோட்டாவை மாற்றியதையாவது பயம் என்று சொல்லலாம். இது பயமும் இல்லை. செல்வின் அந்த ஆறுதலுக்கு நன்றியோடு தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு உபகாரத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையும் சாப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளனே போனில் சேதி வந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்துச் சினேகிதன் ஒருவன் செல்வினுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். உங்க மாமனார் ஊர்ப் பக்கமாமே என்று எழுதியிருந்தான். மலைப்பாதையில் டூரிஸ்ட் கார்கள் வரிசையாக நிற்கின்றன. நடு ரோட்டில் கொம்பன். ஹாரன் அடித்தால் சத்தம் வந்த பக்கமே தலையை நீட்டிக்கொண்டு வருகிறது. ஒரு காரின் பானெட்டில் மோதுகிறது. பின்னால் போய்த் தடுப்புச் சுவரில் மோதுகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் காய்ந்த ரத்தம். யாரோ ஒரு பெண் வீடியோவுக்குள், "ஐயோ, அதுக்குக் கண்ணு தெரியலங்க, கண்ணு தெரியல," என்று அழுகிறாள்.

செல்வின் அதை மூன்று தடவை பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்கு ஓடினான். உபகாரம் பின்னாலேயே போனார். அதற்குள் ஜனம் கலைந்திருந்தது. மிருகம் ரோட்டோரத்துச் சரிவில் இறங்கிப் போய்விட்டதாகவும் பாரஸ்ட்காரர்கள் பின்னால் இறங்கியிருப்பதாகவும் டீக்கடைக்காரர் சொன்னார். செல்வின் தடுப்புச் சுவரில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என் கையாலதான மாமா," என்றான்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று உபகாரம் நினைத்தார். "வாங்க மாப்பிள்ளை, குளிர் அடிக்குது," என்றார்.

மத்தியானத்துக்கு மேல் கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரே வந்து வரிசையில் நிற்கும். சாமியார் ஒரு ஆளுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்; பொய் சொன்னது, பொறாமைப்பட்டது, பூசை தப்பியது என்று எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பாவம்தான், ஒரே ஜெபம்தான். செல்வின் முன்னால் நின்றான். அவனுக்கு அடுத்து உபகாரம்.

செல்வின் உள்ளே போய் முழங்கால் போட்டான். வெளியே வரவேயில்லை. வரிசை நெளிய ஆரம்பித்தது. பின்னால் நின்ற ஜோதிமணி டீச்சர், "புதுமாப்பிள்ளை அம்புட்டு என்னத்தப் பண்ணிட்டாரு உபகாரம்?" என்று காதோடு கேட்டுச் சிரித்தார். திரைக்குப் பின்னால் விசும்பல் ஒன்று கேட்டது. டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கடைசியில் வெளியே வந்தவன் கண்ணெல்லாம் சிவந்து, நேரே பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டுக் கையை விரித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தான். உபகாரம் அவனையே பார்த்தார். தான் செய்த பாவத்தைச் சொல்லி இன்னொருவன் அழுதுவிட்டு வந்திருக்கிறான். தன் பாவத்துக்கு அவன் கை விரித்துக்கொண்டிருக்கிறான். ஊரில் எத்தனையோ பேர் பொருளைத் திருடியிருக்கிறார்கள். பாவத்தைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைத்துவிட்டு அவனைத் தட்டிக்கொடுத்தது தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கூசிப்போய் நின்றார்.

"போங்க, உங்க முறைதான்," என்று டீச்சர் தள்ளினார்.

உபகாரம் உள்ளே போகவில்லை. வரிசையை விட்டு விலகி வெளியே வந்து கொடிமரத்தடியில் நின்றார். முதலில் பிள்ளையிடம் சொல்ல வேண்டும், சாமியார் பிறகு. செல்வின் வரட்டும், வந்ததும் முதல் வார்த்தையே அதுதான் என்று தீர்மானித்தார். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லியிருப்பார். அப்படித்தான் நினைக்கிறேன்.

செல்வின் படியிறங்கி வருவதும், சேனாதிபதி பைக்கை நிறுத்துவதும் ஒன்றாக நடந்தது. சேனாதிபதியின் காக்கிச் சட்டையெல்லாம் சேறு.

"அண்ணே, உங்க தோட்டத்துக்குக் கீழ இருந்துதான் வர்றேன். அந்தக் கடமான் செத்துப்போச்சு. கண்ணு தெரியாம ஓடைப் பாறையில இருந்து விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கெடந்துச்சு. நாங்க போறப்ப உயிர் இருந்துச்சுண்ணே. ஒண்ணும் பண்ண முடியல. டாக்டர் வந்து சேர்ந்தப்ப அடங்கிருச்சு."

செல்வின் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்தப் பாவி பண்ணானோ," என்று சேனாதிபதி போனை எடுத்தான். "அது தலையில இருந்து டாக்டர் எடுத்தத போட்டோ பிடிச்சு வச்சிருக்கேன், பாருங்க. பொடிச் சன்னம். கடுகு மாதிரி. புறாவுக்குப் போடுறத எடுத்துக்கிட்டுக் கடமான சுட வந்திருக்கான். கறிக்குச் சுடுறவன்கூட இப்படிப் பண்ண மாட்டான்ணே. அவன் பெரிய குண்டு போட்டு ஒரேயடியா சாச்சிருவான். இவன் கொல்ல வரல. கண்ணப் பிடுங்கிவிட்டு வேடிக்கை பாக்க வந்திருக்கான்."

போன் உபகாரத்தின் கைக்கு வந்தது. அவர் கையிலிருந்து செல்வின் வாங்கினான். ஸ்டீல் தட்டில் பொடிப் பொடியாகச் சன்னம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்கிற மாதிரி பார்த்தான். கொஞ்ச நேரத்தில் எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்த முகம் அடங்கிப் போவதை உபகாரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்க துப்பாக்கி வீட்டுலதானண்ணே கெடக்கு?" என்றான் சேனாதிபதி. "லைசென்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் பண்டிகை முடிஞ்சு பாக்கணும்னு ரேஞ்சர் சொல்லிருக்காரு. உங்களத் தெரியாதா எனக்கு, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"வீட்டுலதான் கெடக்கு," என்றார் உபகாரம்.

செல்வின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். வீட்டில் எதையும் சொல்லவில்லை. ஆக்ஸிலியா பழைய கோபத்தில் இரண்டு தடவை, "குறி பாக்கத் தெரியாத ஆளு" என்று குத்தினாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரிப் பூசையில் மாமனாருக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாப் பாட்டும் பாடினான். நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போனபோது உபகாரம் மட்டும் இடத்தை விட்டு எழவில்லை; பாவத்தைச் சொல்லாமல் அதை வாங்கக் கூடாது. முன்வரிசை மனிதர் எழாததை ஊரே பார்த்தது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் சூசையம்மாள் வாழையிலை போட்டாள். கோழிக்கறி, அவித்த முட்டை, நெய்ச்சோறு, அவளுடைய அப்பா வீட்டுப் பழக்கத்தில் தேங்காய்ச் சம்பல். மாப்பிள்ளைக்குப் போட எடுத்து வைத்திருந்த மோதிரத்தைப் பெட்டியோடு கொண்டு வந்து கணவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுவிடுங்க. போட்டுட்டு, மாப்பிள்ளைக்கு வேற என்ன வேணும்னு கேளுங்க. அதான முறை?"

செல்வின் கையை நீட்டினான். முறை என்பதால் நீட்டினான். உபகாரம் அந்தக் கையைப் பிடித்தார். இதுதான் விசையை அழுத்திய கை. இதைத்தான் அன்று அவ்வளவு நேரம் கழுவிக்கொண்டிருந்தான். மோதிரத்தைப் பாதி விரலில் நிறுத்திவிட்டார்.

"சூசை, இவரு கை ஆடல," என்றார்.

"என்னங்க?"

"இவரு சரியாத்தான் சுட்டாரு. நான்தான் தோட்டாவ மாத்திட்டேன். பெரிய குண்ட எடுத்துக் குடுத்தாரு. நான் திரும்பி நின்னுக்கிட்டுக் குருவித் தோட்டாவப் போட்டேன். செத்தா கேசாகும்னு பயந்துதான் போட்டேன். அதுக்கப்பறம் இவரு கைதான் ஆடிருச்சுன்னு சொல்லி இவர நம்ப வச்சேன். நான் ஒரு கடமானும் அடிச்சதில்ல. நிச்சயத்தன்னைக்குச் சொன்னது அம்புட்டும் பொய்."

சூசையம்மாள் கரண்டியோடு நின்றாள். ஆக்ஸிலியா அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டு நாளாகப் பேசிய பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று செல்வினைக் கேட்டாள்.

"நேத்துத் தெரியும்," என்றான் செல்வின்.

"தெரிஞ்சுமா நான் பேசினதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

அவன் விரலைத் தானே உள்ளே தள்ளி மோதிரத்தைப் போட்டுக்கொண்டான். இலையில் இருந்த சோற்றை ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டான்.

"நாளைக்கு ரேஞ்ச் ஆபீஸ் போறேன் மாப்பிள்ளை," என்றார் உபகாரம். "துப்பாக்கியக் கொண்டு போயி வச்சுட்டு, நான்தான் சுட்டேன்னு எழுதிக் குடுத்துர்றேன். உங்க பேரு எங்கயும் வராது."

"சுட்டது நான் மாமா. அதையும் மாத்திச் சொல்லாதீங்க." செல்வின் நிமிர்ந்து பார்த்தான். குரல் உயரவில்லை. "சாமியார்ட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். நானும் வர்றேன். தோட்டா போட்டது யாருன்னு கேட்டா நீங்க சொல்லுங்க. சுட்டது யாருன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உபகாரத்துக்குப் பகீரென்றது. கல்யாணம் ஆகி மூன்று மாசம் முடியவில்லை. மகள் எதிரே நிற்கிறாள். இந்தப் பிள்ளை போய் அங்கே நின்று தன் வாயால் ஒத்துக்கொண்டால் எத்தனை வருஷமோ. இலையைத் தாண்டி மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்றேனேன்னு நெனைக்காதீங்க. இது மட்டும் வேணாம்."

செல்வின் கையை உருவவில்லை.

"இந்த வேணாம்ங்கிறத முந்தாநாள் சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேனே மாமா," என்றான்.